டெட்ராய்ட்டில் திறவாதிருந்த பெட்டிகள்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில், காவல் துறையினர் தடயப் பொருள்களைப் போட்டு வைத்திருந்த பண்டகசாலை ஒன்றினுள் 2009-ஆம் ஆண்டு அரசு வழக்கறிஞர் ஒருவர் நுழைந்து பார்த்தபோது, பலாத்காரத்துக்கு ஆளானவர்களின் தேகத்திலிருந்து சேகரித்த தடயங்கள் அடங்கிய 11,000-க்கும் அதிகமான பெட்டிகள், அவற்றுள் சில 1980-களைச் சேர்ந்தவை, பெரும்பாலும் பரிசோதனைச் சாலையின் வாசலையே காணாமல் அடுக்கடுக்காகக் கிடந்தன.

மார்த்தா கோடார்ட் என்னும் மாதரசியின் முயற்சியால் 1978-இல் சிகாகோவில் பிரயோகத்துக்கு வந்த இப்பெட்டி சுலபமாக நிரம்புவதன்று. கொடுமைக்கு ஆளான பெண், ஸ்நானம் செய்துவிடத் துடிக்கும் அந்த வேளையிலேயே, மணிக்கணக்காக நீளும் மருத்துவப் பரிசோதனைக்கு உடன்பட்டு, பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்த மாதிரிகளையும், நகத்தடி அழுக்கையும், உடுத்த துணியையும் ஒப்படைக்கிறாள்.

அந்தப் பஞ்சில் அவளுடைய உயிரணுக்களும் குற்றவாளியின் விந்தணுக்களும் கலந்திருக்க, இரண்டையும் பிரிப்பது எங்ஙனம்? பீட்டர் கில், அலெக் ஜெஃப்ரீஸ், டேவிட் வெரெட் என்னும் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் மூவர் 1985-இலேயே வழி கண்டனர். விந்தணுவின் தலைக்குள் மரபுப் பொருளைப் பொதிந்திருக்கும் புரதங்கள் கந்தகப் பிணைப்புகளால் இறுகியிருப்பதால், புரதத்தைச் சிதைக்கும் நொதி மற்ற உயிரணுக்களைக் கரைத்த பின்பும் அந்தத் தலை கரையாமல் நிற்கிறது. பெண்ணின் டி.என்.ஏ.வை அவ்வாறு விலக்கிவிட்டு, அப்பிணைப்பை அறுக்கும் ரசாயனத்தைச் சேர்த்தால் குற்றவாளியின் டி.என்.ஏ. தனியே வெளிப்படுகிறது. அதை ஒத்துப் பார்க்க அமெரிக்காவில் தேசிய மரபணுப் பதிவேடும் 1998-இல் ஏற்பட்டுவிட்டது.

ஆகவே தாமதம் விஞ்ஞானத்தினுடையதன்று. பணமும் ஆளும் போதவில்லை என்பது மெய்யே. எனினும், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா கேம்ப்பெல் குழுவினர் காவல் துறையின் கோப்புகளை ஆராய்ந்தபோது, புகார் கூறிய பெண்களையே சந்தேகித்தும் நிந்தித்தும் எழுதிய குறிப்புகளும், சொற்ப விசாரணையோடு முடித்துவிட்ட வழக்குகளும் ஏராளமாக வெளிப்பட்டன. இவள் சொல் நம்பத்தக்கதன்று என்று ஓர் அதிகாரி தம் மனத்துக்குள் தீர்மானித்துவிட்டால், அத்தீர்மானத்தைப் பொய்யாக்கவல்ல ஒரே சாட்சியமும் அவர் கையாலேயே முடக்கப்பட்டது. இதைவிடப் பெரிய அநியாயம் யாது?

டெட்ராய்ட் அடங்கிய வேய்ன் கவுண்டியின் தலைமை அரசு வழக்கறிஞர் கிம் வொர்த்தி, ஆண்டுக்கணக்காகப் போராடி நிதி திரட்டிப் பெட்டிகளைச் சோதிக்கச் செய்ததில், தொடர் குற்றவாளிகள் எனச் சந்தேகிக்கத்தக்கோர் 800-க்கும் மேற்பட்டவர் அடையாளங்காணப்பட்டனர். அவர்கள் ஒவ்வொருவரின் முதல் குற்றத்துக்குரிய பெட்டியைக் காலத்தில் திறந்திருந்தால், பிற்பாடு கொடுமைக்கு ஆளான பெண்களில் எத்தனையோ பேர் தப்பியிருப்பர்.

மருத்துவமனையிலிருந்து 14 நாளில் காவல் துறை பெட்டியைப் பெற வேண்டும், அடுத்த 14 நாளில் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று மிச்சிகன் மாநிலம் 2014-இல் சட்டமியற்றியது நன்றே. ஆயினும் கெடு மீறப்படும் ஒவ்வொரு முறையும், பொறுப்பான அதிகாரி காரணத்தைத் தம் கையொப்பத்துடன் எழுதி, அப்பெண்ணுக்கே அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கலாம்.