பின்சக்கரத்துக்கு வராத ஆயில்

என் பிக்கப்புக்கு இருபது வயசுக்கு மேல். பின் வீல் சிலிண்டரை மாற்றிவிட்டு பிரேக்கில் ஏர் எடுக்க உட்கார்ந்தோம். மச்சான் பெடலை மிதித்துப் பிடிக்க, நான் நிப்பிளைத் திறந்தேன். முன்னால் பீய்ச்சியடித்த பிரேக் ஆயில் பின்னால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. நிப்பிள் ஓட்டையை ஊசியால் குத்திப் பார்த்தேன். ரப்பர் ஹோஸையும் சந்தேகப்பட்டேன். பழசானால் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். இரண்டிலும் குறையில்லை.

பிறகுதான் சேஸில் இருக்கும் லோடு வால்வு ஞாபகம் வந்தது. ஒரு கம்பி அதை ஆக்ஸிலோடு இணைக்கிறது. பாரம் ஏறினால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும், இறங்கினால் குறையும். நான் சேஸில் ஜாக்கி கொடுத்திருந்தேன். ஆக்ஸில் தொங்கியதும் வால்வு, வண்டி காலி என்று நினைத்து வழியைச் சுருக்கிவிட்டது! ஜாக்கியை ஆக்ஸிலுக்கு அடியில் மாற்றினேன். நிப்பிளில் மாட்டிய குழாயில் குமிழ் குமிழாக ஏர், அப்புறம் தெளிந்த ஆயில். மச்சான் காலுக்குக் கீழே பெடல் கல்லாக நின்றது.