கிண்ணத் தண்ணீரைக் கண்டுகொள்ளாத பிராணி

கிண்ணம் நிறையத் தண்ணீர் இருக்கும். பக்கத்திலேயே பச்சோந்தி தாகத்தில் வற்றிக்கொண்டிருக்கும். தேங்கி நிற்கும் தண்ணீரை அது பெரும்பாலும் சட்டை செய்வதில்லை. மரத்திலேயே காலம் தள்ளும் உயிருக்கு, பனியும் மழையும் இலையில் விட்டுப்போகிற துளிதான் குடிநீர். துளி மினுங்கி அசைந்தால்தான் அதன் கண் அந்தப் பக்கம் திரும்பும்.

பச்சோந்தி வளர்ப்பதைப் பற்றிப் பேசுமுன் சட்டத்தைச் சொல்லிவிடுவது நல்லது. இந்தியாவில் இயற்கையாக வாழும் பச்சோந்தி ஒரே இனம்தான், இலங்கையிலும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்து வள்ளூர், அத்திப்பட்டு பக்கம் சீமைக்கருவேலப் புதரில் கழுத்து சிவக்கத் தலையாட்டுவதைப் ‘பச்சோந்தி’ என்று பையன்கள் துரத்துவார்கள். அது அநேகமாக ஓணான். பச்சோந்தி அப்படி ஓடாது. விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து இடுக்கி போலக் கிளையைப் பற்றும். வால் நுனி சுருண்டிருக்கும். ஒரு கண் முன்னால் பார்க்கும்போது இன்னொன்று பின்னால் பார்க்கும்.

வீடுகளில் வளர்க்கப்படுபவை தலையில் கொண்டையுள்ள ஏமன் பச்சோந்தி மாதிரியான வெளிநாட்டு இனங்கள். அவையும் காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை என்பதால், 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும். புதிதாக வாங்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள் என்பேன். ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்குத்தான் மேற்கொண்டு வருவது.

காலையும் மாலையும் கூண்டுச் செடிகளுக்குத் தெளிப்பானால் தண்ணீர் அடிக்க வேண்டும். செம்பருத்தியும் மணி பிளான்டும் தோதானவை. நாலு முறை அடித்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினால் பிரயோஜனமில்லை. ஈரம் பட்டதும் பச்சோந்தி சும்மாதான் உட்கார்ந்திருக்கும். சில நிமிடம் கழித்து ஒரு கண் இலை நுனிக்குத் திரும்பும். முன்னும் பின்னும் ஆடியபடி நகர்ந்து, மூக்கை இலையில் வைத்து, துளித்துளியாக விழுங்கும். அவசரமே படாது. அதற்காகவே பலர் குளுக்கோஸ் ஏற்றும் டிரிப் குழாயை ஒரு பாட்டிலில் மாட்டி, இலைமேல் சொட்ட விடுகிறார்கள். பிறகு கூண்டு காய வேண்டும். எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் நுரையீரலில் தொற்று வரும். கம்பி வலைக் கூண்டு நல்லது என்பது இதனால்தான்.

வள்ளூர்க்காரர்களுக்கு இரண்டு வேலை கூடுதல். மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீரில் கடல்நீர் பல பத்தாண்டுகளாகவே ஊடுருவியிருக்கிறது. உப்புப் போர் தண்ணீரைத் தெளித்தால் இலையில் வெள்ளை படியும். நாம் குடிக்கிற தண்ணீரையே அதற்கும் கொடுங்கள். அடுத்தது தூசி. 1500 மெகாவாட் அனல்மின் நிலையமும் லாரிப் போக்குவரத்தும் உள்ள ஊரில், வராந்தாச் செடியைக் கையால் தடவினாலே தெரிந்துவிடும். பச்சோந்தி குடிப்பது அந்த இலையிலிருந்து வழிவதைத்தான். இலையைக் கழுவிய பிறகே கூண்டுக்குள் வையுங்கள். ஏசி அறையில் காற்று வறண்டுவிடும் என்பதால் கூண்டை அங்கே வைக்க வேண்டாம்.

தண்ணீர் போதுகிறதா என்பதை எச்சத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அதிலுள்ள யூரேட் பகுதி, அதாவது கெட்டியான சிறுநீர்க் கழிவு, வெள்ளையாக இருந்தால் கவலையில்லை. மஞ்சளோ ஆரஞ்சோ ஆனால் தண்ணீர் பற்றவில்லை. கண் குழிவிழுந்து, பகலிலும் மூடியே கிடந்தால் நிலைமை முற்றிவிட்டது. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.

தண்ணீர் சரியாக இருந்தும் கால் வளைகிறது, தாடை மெத்தென்று ஆகிறது என்றால் குறை வெயிலில். புற ஊதா பி கதிர் இல்லாமல் வைட்டமின் டி3 உருவாகாது. அது இல்லாமல் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் வெளிச்சம் உண்டு, அந்தக் கதிர் கிடையாது. அதற்கான விளக்கு வேண்டும். தீனியாகக் கொடுக்கும் வெட்டுக்கிளிமேல் கால்சியம் பொடியும் தூவ வேண்டும்.

நம்மூர்ப் பச்சோந்தியே சாலையைக் கடந்துகொண்டிருந்தால், அது போகிற பக்கத்துப் புதரில் குச்சியால் ஏந்தி விட்டுவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பாவம் என்று வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.