விழுந்த பலகைக்குக் கை நீட்டாதே

மறைமலை நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. அதன் பிரஸ் ஷாப்பில், டை என்ற அச்சில் தகடு அழுத்தும் இடத்தில், 17 வருடமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பையன்களை முதல் நாள் மெஷின் பக்கத்தில் நிறுத்தி நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "டைக்குள்ள பீஸ் சாஞ்சு விழுந்தா விழட்டும்டா. கை உள்ள போகக் கூடாது. நிறுத்து, பூட்டு போடு, அப்புறம் எடு." தலையாட்டுவார்கள். ஆனால் கண்ணெதிரே ஒரு பொருள் நழுவி விழும்போது கை தானாக நீளும். அடுக்களை மேடையிலிருந்து டம்ளர் நழுவினால் சட்டென்று பிடிக்கும் அதே கைதான். அந்தச் சுபாவத்தை மாற்றுவதுதான் எங்கள் வேலையில் பாதி.

அதே பாடத்தை 41 வயதில், கடலுக்குள் நின்றுகொண்டு, இன்னொருவரிடம் நான் கேட்க வேண்டி வந்தது. ராமேஸ்வரத்தில், மார்பளவுத் தண்ணீரில், எனக்குச் சொல்லிக்கொடுத்த பாம்பன்காரத் தம்பி கத்தினான்: "அண்ணே, போர்டை விடுங்க! பட்டத்தைப் பாருங்க!"

கைட்போர்டிங் என்ற விளையாட்டைப் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். காலில் ஒரு பலகை. இடுப்பில் அகலமான பட்டை. அதில் மாட்டிய கைப்பிடியிலிருந்து 20, 24 மீட்டர் நீளத்துக்குக் கயிறுகள். கயிற்றின் மறுமுனையில், வானத்தில், ஒரு பெரிய பட்டம். காற்று பட்டத்தை இழுக்கும், பட்டம் ஆளை இழுக்கும், பலகை தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். மொட்டை மாடியில் விடும் காகிதப் பட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு இதை நினைக்கக் கூடாது. இதன் பரப்பு பெரும்பாலும் 7 முதல் 14 சதுர மீட்டர் வரை, கிட்டத்தட்ட ஒரு படுக்கையறையின் தரை. முன்விளிம்பில் காற்றடைத்த குழாய் இருப்பதால் கடலில் விழுந்தாலும் மிதக்கும், கிடந்த இடத்திலிருந்தே மறுபடி எழும்பும். புரூனோ, தொமினிக் என்ற பிரெஞ்சுச் சகோதரர்கள் இந்தக் குழாய்ப் பட்டத்துக்கு 1984-இல் காப்புரிமை பதிந்தார்கள். விளையாட்டாக உலகம் முழுக்கப் பரவியது 1990-களின் கடைசியில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல்முறையாக இதற்குப் பதக்கம் கொடுத்தார்கள். போட்டி நடந்தது பாரிஸில் இல்லை, கடற்கரை நகரமான மார்செய்யில்.

நம் பக்கத்தில் ராமேஸ்வரமும் தூத்துக்குடியும் இதற்குப் பேர் போனவை. கடலுக்கு அந்தக் கரையில் இலங்கையின் கற்பிட்டியும் மன்னாரும். எல்லாம் காற்று செய்த ஏற்பாடு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்போம். இங்கே ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்தக் காற்று மண்ணை அள்ளிக் கண்ணில் போடும். அங்கே கச்சான் என்ற பெயரில் வைகாசி தொடங்கி மாதக்கணக்கில் விடாமல் வீசும். பிறகு மார்கழி, தை மாதங்களில் வாடை. தீவு அலையை மறைத்துக்கொள்வதால் பல இடங்களில் தண்ணீர் ஏரி மாதிரி கிடக்கும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். செங்கல்பட்டில் இரவு ரயில் ஏறினால் விடிந்ததும் அங்கே இருக்கலாம். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு, ரயில் மறுபடி தீவுக்குள்ளேயே போகிறது.

நான் அங்கே போகும்போது அலைச்சறுக்கு ஓரளவு பழகியிருந்தேன். கோவளத்தில் கற்றுக்கொண்டது. வீட்டிலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக பைக்கில் ஒரு மணி நேரம். அலைச்சறுக்கில் முதலில் கட்டச் சொல்வது கால் கயிற்றைத்தான். பலகையின் வாலிலிருந்து கணுக்காலுக்கு ஒரு கயிறு. அது இல்லாவிட்டால் கீழே விழுந்ததும் அலை பலகையை அள்ளிக்கொண்டு போய்க் கரையோரம் குளிப்பவர் மேல் மோதும். மிதப்பதற்கு நமக்கும் ஒன்றும் இருக்காது. அதனால் ராமேஸ்வரத்தில் பலகையைக் கையில் கொடுத்ததும் நான் கேட்ட முதல் கேள்வி: "கயிறு எங்க தம்பி?"

"இதுக்குக் கயிறு கிடையாதுண்ணே. கட்டவும் கூடாது."

ஏன் என்று அவன் மணலில் உட்கார்ந்து விளக்கினான். பலகை காலைவிட்டுக் கழன்று தண்ணீரில் அமிழும்போது அது நங்கூரம் போல நின்றுவிடும். ஆனால் பட்டம் நிற்காது, ஆளை இழுத்துக்கொண்டே போகும். நடுவில் இருக்கும் ரப்பர் கயிறு நீண்டு, நீண்டு, விறைக்கும். ஒரு கட்டத்தில் பலகை தண்ணீரைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். உண்டிவில்லை இழுத்து விட்டது போல, நேராக, கயிறு கட்டிய ஆளை நோக்கி. ஆள் அப்போது முன்பக்கம் பார்த்து இழுபட்டுக்கொண்டிருப்பார். பலகையின் ஓரமோ, அடியில் இருக்கும் கூரான துடுப்போ வந்து இறங்குவது பின்மண்டையில். இந்த விளையாட்டின் ஆரம்ப வருடங்களில் கயிறு கட்டிப் பழகி, தலையிலும் முகத்திலும் அடிபட்டவர்கள் பலர். தலைக்கவசம் உதவும், ஆனால் பலகையின் முனை எங்கே வந்து குத்தும் என்று யாரும் கணக்குப் போட முடியாது.

அலைச்சறுக்கிலும் இந்த ஆபத்து தெரியாததல்ல. 1971-இல் கலிஃபோர்னியாவில் பேட் ஓ'நீல் என்ற இளைஞர் மருத்துவமனை ரப்பர் குழாயை வைத்துக் கால் கயிறு செய்து காட்டினார். அதே வருடம் அவருடைய அப்பா ஜாக் ஓ'நீல், குளிர்கடல் உடைகளால் பேர் பெற்றவர், அப்படி ஒரு கயிற்றோடு சறுக்கும்போது பலகை திரும்பி வந்து அடித்து இடது கண்ணை இழந்தார். அதன் பிறகுதான் அவ்வளவாக நீளாத பொருளில் கயிறு வந்தது. அலைச்சறுக்கில் அது போதும், ஏனென்றால் அங்கே ஆளை இழுத்துக்கொண்டே போகப் பட்டம் இல்லை. இங்கே இழுவை நிற்பதே இல்லை. எங்கள் பிரஸ்ஸில் ஃபிளைவீல் சுற்றிக்கொண்டிருக்கும்போது கைக்கும் டைக்கும் நடுவே கயிறு கட்டுவோமா?

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். கயிறு இரண்டு வகை. பலகைக் கயிறு கூடாது. பட்டத்துக்கும் இடுப்புப் பட்டைக்கும் உள்ள பாதுகாப்புக் கயிறு கட்டாயம் வேண்டும். இடுப்புக் கொக்கிக்கு மேலே ஒரு விடுவிப்பான் இருக்கும். பெரும்பாலான மாடல்களில் அதை முன்னால் தள்ளினால் போதும், பட்டம் அடங்கி, அந்த ஒரே கயிற்றில் தொங்கிக்கொண்டு தண்ணீரில் படுத்துவிடும். கயிறு இல்லாவிட்டால் ஆளில்லாத பட்டம் கரையில் விளையாடும் குழந்தைகள் மேல் போய் விழும். இந்த விடுவிப்பானுக்கென்றே 2020-இல் ஐ.எஸ்.ஓ. 21853 என்ற தரம் வெளியானது. எங்கள் சிவப்பு எமர்ஜென்சி பட்டனுக்கு உள்ள அதே மரியாதை இதற்கும் உண்டு. மண் புகுந்து இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறை தண்ணீரில் இறங்கும் முன்னும் தள்ளிப் பார்க்க வேண்டும். நான் பார்ப்பேன். ஷிஃப்ட் ஆரம்பத்தில் பட்டனை அழுத்திப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஏற்கெனவே உண்டு.

சரி, கயிறு இல்லை. பலகை போய்விட்டது. எப்படித் திரும்ப எடுப்பது?

விழுந்ததும் பட்டம் நம்மைக் காற்று போகும் பக்கம் கொஞ்ச தூரம் இழுத்துவிடும். பலகை காற்று வரும் பக்கத்தில், பத்து இருபது மீட்டர் தள்ளி மிதந்துகொண்டிருக்கும். பார்த்தால் நாலு கை நீந்தினால் எட்டிவிடும் போல இருக்கும். அந்த நாலு கைதான் பொறி. காற்றுக்கு எதிரே, பட்டம் பின்னால் இழுக்கும்போது, யாராலும் நீந்த முடியாது. நேராகப் போக முடியாததால் சாய்ந்து சாய்ந்து போக வேண்டும், பாய் விரித்த படகு போவது போல.

வானத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு நேர்மேலே 12. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் இடது அடிவானம் 9, வலது அடிவானம் 3. பட்டத்தை இடப்பக்கம் பத்தரை மணிக்கோ வலப்பக்கம் ஒன்றரை மணிக்கோ நிறுத்தி, அசையாமல் பிடிக்க வேண்டும். ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடியின் நடுவில் இடது கை. வலது கையைப் பட்டம் இருக்கும் திசையில் நீட்டி, தோள்வரை தண்ணீருக்குள் இறக்கி, ஒருக்களித்துக் கட்டை மாதிரி விறைப்பாகப் படுக்க வேண்டும். பாய் கட்டிய கட்டுமரத்தில் காற்றுக்குச் சாய்வாகப் போகும்போது பக்கத்தில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள், மரம் பக்கவாட்டில் வழுக்கிப் போகாமல் இருக்க. நம் கைதான் அந்தப் பலகை. விரல்கள் சேர்ந்திருக்க வேண்டும், உள்ளங்கை தண்ணீரை வெட்ட வேண்டும். முழங்கை மடிந்தால் அவ்வளவுதான், மறுபடி கீழே வழுக்கிவிடும்.

எனக்கு இது கைகூட இரண்டு நாள் ஆனது. முதல் நாள் முழுக்கக் கடல்நீரைக் குடித்தேன். இரண்டாம் நாள் மதியம் ஒரு முறை, காதை ஒட்டித் தண்ணீர் ஓடும் சத்தம் மாறியது. அதுவரை சளசளவென்று உடம்பில் மோதிக்கொண்டிருந்தது, திடீரென்று மெல்லிய சீறலாகி, தோளிலிருந்து இடுப்புவரை ஒரு நீண்ட கோடாக ஓடியது. நிமிர்ந்து பார்த்தால், கரையில் அடையாளம் வைத்திருந்த பனைமரம் எனக்குப் பின்னால் போயிருந்தது. காற்றுக்கு எதிராக ஏறியிருக்கிறேன்! ஏறியது நாலைந்து மீட்டர்தான் இருக்கும். வெல்டிங் சரியாகப் பிடிக்கும்போது வரும் சத்தம் கைக்குத் தெரிவது போல, அந்தச் சீறல் அன்றோடு எனக்குப் பழகிவிட்டது.

ஒரு பக்கம் போய், பட்டத்தை மெதுவாகத் தலைக்கு மேலே கொண்டுவந்து மறுபக்கம் சாய்த்து, கை மாற்றி, மறுபடி. அவசரப்பட்டுப் பட்டத்தைத் தாழ்வாக வீசித் திருப்பினால் ஏறியதெல்லாம் ஒரே இழுப்பில் போய்விடும். ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் இழப்போம் என்பதால் சின்னச் சின்னதாகத் திரும்பாமல் நீளமாகப் போவதே நல்லது. பலகை இருக்கும் கோட்டைத் தாண்டி மேலே ஏறிய பிறகுதான் அதை நோக்கித் திரும்ப வேண்டும். பொறுமை வேண்டும், ஆனால் நிலைமை நினைப்பதைவிட நமக்குச் சாதகம். காற்றும் சிற்றலையும் பலகையையும் நம் பக்கம்தான் தள்ளிக்கொண்டிருக்கும்.

முதல் இரண்டு பயணத்தில் இதையெல்லாம் கற்றுக்கொண்ட நான் மூன்றாவது பயணத்தில் என்ன செய்தேன் தெரியுமா? கை நீட்டினேன். பலகை மூன்று மீட்டரில் மிதந்தது. பையன்களுக்கு 17 வருடமாகச் சொல்லும் வார்த்தை ஒன்றுகூட நினைவில் இல்லை. கைப்பிடியை விட்டுவிட்டு நீந்தினேன். கவனிக்க ஆளில்லாத பட்டம் ஓரமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தது. தொய்ந்த கயிறு ஒன்று கெண்டைக்காலைச் சுற்றியிருந்ததைக் கண்ணால் பார்க்கவில்லை, தோலில் உணர்ந்தேன். அந்த நேரத்தில் பட்டம் தானாக எழும்பியிருந்தால் அந்தக் கயிறு சதையை அறுத்திருக்கும். விடுவிப்பானைத் தள்ளி, மூச்சைப் பிடித்துக் காலைச் சுருக்கி, கயிற்றை மெதுவாகக் கழற்றினேன். அந்தச் சில விநாடிகள் இன்றும் தூக்கத்தில் வருகின்றன. பலகை போயே போய்விட்டது. கயிற்றைக் கைப்பிடியில் சுற்றிக்கொண்டே பட்டத்தை எட்டி, அதன் குழாயைக் கட்டிப்பிடித்து மிதந்து கரை சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்த தம்பி படகை எடுத்துக்கொண்டு பாதி வழிக்கு வந்துவிட்டான். ஒரு வார்த்தை திட்டவில்லை. "கால் இருக்குல்லண்ணே, போதும்" என்றான்.

அன்று நான் கரை சேர்ந்ததற்குக் காரணம் காற்றின் திசை. கடலிலிருந்து கரைக்குச் சாய்வாக வீசியது. இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. தென்மேற்குக் காற்று காலத்தில் தீவின் வடகரையில் நின்றால், காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆசை காட்டும். அங்கே பலகையைத் தொலைத்தால் ஆளும் சேர்ந்து நடுக்கடலுக்குப் போக வேண்டியதுதான். சர்வதேசக் கடல் எல்லை எவ்வளவு பக்கம் என்று ராமேஸ்வரத்து மீனவக் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். காற்றின் வேகமும் அப்படித்தான். 12 நாட் காற்று 24 ஆனால் இழுவை இரட்டிப்பாகாது, நாலு மடங்காகும். மழைமேகம் கறுத்துக்கொண்டு வந்தால் பட்டத்தை இறக்கிவிட வேண்டும், "இன்னும் ஒரு ரவுண்டு" என்ற பேச்சே கூடாது. அடிபடுவது பெரும்பாலும் கடலில் என்று நினைப்பார்கள். கரையில் பட்டத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் சுவர், படகு, மின்கம்பி மேல் போய் விழுவதுதான் மோசமான விபத்து. காற்று போகும் பக்கம் காலியாக இருக்க வேண்டும்.

பலகையில் மாட்டும் காற்றுப் பந்து ஒன்று உண்டு. அது பலகையை நிமிர்த்தி, காற்றோடு நம்மிடம் உருட்டி வரச் செய்யும். கெடுதல் இல்லை. ஆனாலும் கையை நீட்டிச் சாய்ந்து ஏறத் தெரியாத ஒருவருக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தொலைந்த பலகை மறுநாள் காலை வந்தது. வலை எடுக்கப் போன ஒரு பெரியவர் தன் வத்தைப் படகில் குறுக்கே போட்டுக் கொண்டுவந்திருந்தார். முகத்தில் கோபம். "பலகை மட்டும் மிதக்குது, ஆளைக் காணோம். ரெண்டு மணி நேரம் சுத்திச் சுத்தித் தேடினோம்ப்பா. யாரு, என்னன்னு ஒரு எழுத்து இல்ல." அவர் மகன் கடலோரக் காவல் எண் 1093-க்கும் பேசியிருக்கிறான். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். டீசல் காசு கொடுத்தபோது வாங்க மறுத்து, "முதல்ல பேரை எழுதுய்யா" என்றார்.

டை நம்பர் எழுத நாங்கள் வைத்திருக்கும் பெயின்ட் மார்க்கர் என் பையில் கிடந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்க, பலகையின் அடியில் ஈரத்தைத் துடைத்துவிட்டு என் பெயரையும், மனைவியின் போன் நம்பரையும், மறைமலை நகர் என்பதையும் தமிழில் எழுதினேன். வாய்விட்டு ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு, வத்தையைத் தள்ளிக்கொண்டு போனார்.