தள்ளுபடி எதன் மேல்?

ஆடி பிறந்துவிட்டால் கோவை ஒப்பணக்கார வீதியில் நடக்க இடமிருக்காது. கல்யாணம் வைக்காத மாதம் என்பதால் சரக்கு தேங்கும். தீபாவளிக்குப் புதுசு வந்து இறங்குவதற்குள் பழையதைத் தள்ளிவிட்டாக வேண்டும். ஆடித் தள்ளுபடி பிறந்ததே அப்படித்தான். அந்த வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை பார்த்தவள் நான். சூலூர், பல்லடம், பொள்ளாச்சி என்று எங்கெங்கிருந்தோ வரும் ஆடிக் கூட்டம் என் மேஜையைத் தாண்டித்தான் வெளியே போகும்.

கொங்குநாட்டில் வட்டிக் கணக்கு தெரியாதவரைப் பார்ப்பது அரிது. எண்பதாயிரத்துக்கு ரெண்டு வட்டி என்றால், மாசம் ஆயிரத்து அறுநூறு என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். தள்ளுபடியும் அதே நூற்றுக்கு இத்தனை என்கிற கணக்குதான். ஆனால் கடைக்குள் வந்ததும் அதே ஆட்கள், “எவ்வளவு வருதுன்னு நீயே சொல்லு அம்மிணி” என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. வட்டியில் அசல் எது என்பது கண்முன்னே நிற்கிறது. தள்ளுபடியில் அந்த அசல் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. அதைப் பிடித்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

‘50% + 20%’ என்ற பலகையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2,400 ரூபாய்ச் சேலை. எழுபது போகும் என்று நினைத்தால் 720 ரூபாய்தான் கொடுக்க வேண்டும். பில்லில் வருவது 960. முதல் தள்ளுபடி 2,400-இன் மேல், அது போக 1,200. இரண்டாவது அந்த 1,200-இன் மேல்தான், 240 குறையும். ஆக மொத்தம் நூற்றுக்கு அறுபது.

“மொதல்ல பெரிய தள்ளுபடியக் கழிச்சுப்போட்டு அப்பறம் சின்னதக் கழி அம்மிணி” என்று கேட்பவர்கள் நிறைய. “எதை மொதல்ல கழிச்சாலும் ஒண்ணுதானுங்கம்மா” என்பேன், நம்ப மாட்டார்கள். இருபதை முதலில் கழித்தால் 1,920, அதில் பாதி 960. காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகுதான் சமாதானமாவார்கள்.

மனக்கணக்குக்குப் பத்து சதவீதம் ஒன்று தெரிந்தால் போதும். 1,760 ரூபாய்க்கு 35 சதவீதமா? பத்து என்றால் 176. மூன்று பத்து 528, அரைப்பத்து 88, கூட்டினால் 616. சேலை 1,144 ரூபாய். வரிசையில் நிற்கும்போதே முடிந்துவிடும்.

இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பதில் அசல் மூன்று துணியின் விலை. மூன்றும் ஒரே விலையானால் நூற்றுக்கு 33 ரூபாய் மிச்சம். விலை வேறுவேறானால் பெரும்பாலும் குறைந்த விலைத் துணிதான் இலவசமாகும். 1,200, 900, 600 என்று மூன்று சட்டை எடுத்தால் கொடுப்பது 2,100. மிச்சம் நூற்றுக்கு 22-தான். ஒரு சட்டை வாங்க வந்தவருக்கு அதுவும் இல்லை.

வரியிலும் ஒரு விஷயம் உண்டு. பொட்டலத்திலோ சட்டைக் கழுத்துச் சீட்டிலோ அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி. எல்லா வரியும் சேர்ந்த விலை. 1,000 ரூபாய் எம்.ஆர்.பி. உள்ள சட்டைக்கு 20 சதவீதத் தள்ளுபடி என்றால் 800 கொடுத்தால் போதும். அதன் மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. என்று இன்னும் 40 வாங்கினால் கிடைத்த தள்ளுபடி பதினாறு சதவீதம்தான். எம்.ஆர்.பி.யில் தள்ளுபடி என்று விளம்பரம் செய்துவிட்டு, குறைத்த விலைக்கு மேல் தனியாக வரி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-ல் சொல்லியிருக்கிறது. ஜி.எஸ்.டி. வருவதற்கு முன், வாட் காலத்து வழக்கு அது. பில் போட்டவள் சொல்கிறேன், தைரியமாகக் கேளுங்கள்.

துணியில் நூறு இருநூறு போனால் தாங்கலாம். நகையில் அப்படி முடியாது. பெண்ணுக்கு நகை சேர்க்கிற எங்கள் ஊர் அம்மாக்கள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டிய இடம் அதுதான். ராஜ வீதி, பெரிய கடை வீதிப் பக்கம் பலகையைப் பார்த்திருப்பீர்கள்: ‘சேதாரத்தில் 25% தள்ளுபடி’. கணக்குக்குச் சுலபமாக கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பவுன் சங்கிலி, 16 கிராம். தங்கத்துக்கு 1,60,000. சேதாரம் 12 சதவீதம் என்றால் 19,200. கூட்டினால் 1,79,200.

இருபத்தைந்து சதவீதம் என்றதும் மனசு மொத்தத் தொகைக்கு ஓடும். தள்ளுபடியோ அந்த 19,200-க்கு மட்டும், குறைவது 4,800. மொத்தத்தில் பார்த்தால் நூற்றுக்கு மூன்று ரூபாய்கூட இல்லை. பக்கத்துக் கடையில் பலகையே இல்லை, சேதாரம் 8 சதவீதம் என்கிறார்கள். அங்கே சேதாரம் 12,800. தள்ளுபடிக் கடையில் தள்ளுபடி போக நிற்பது 14,400. தள்ளுபடி இல்லாத கடையில்தான் 1,600 ரூபாய் மிச்சம். அதன் மேல் வரும் 3 சதவீத ஜி.எஸ்.டி.யைச் சேர்த்தால் 1,648.

‘சேதாரத்தில் 3% குறைவு’ என்று எழுதியிருந்தால் இன்னும் கூர்ந்து கேட்க வேண்டும். 12 சதவீதம் 9 ஆகிறது என்றால் 4,800 மிச்சம். 19,200-க்கு மூன்று சதவீதம் என்றால் மிச்சம் 576-தான். பலகையில் இருப்பது ஒரே எழுத்து, பணமோ எட்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் எஸ்டிமேட் சீட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைய கிராம் விலை, கல் எடை கழித்த நிகர எடை, தள்ளுபடிக்கு முன்னும் பின்னும் சேதாரம் எத்தனை சதவீதம், செய்கூலி தனியா சேர்ந்ததா என்று நான்கையும் அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதே எடையில் அதே மாதிரிச் சங்கிலிக்கு இன்னும் இரண்டு கடையில் சீட்டு வாங்குங்கள். மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய் கடைசியில் இருக்கும் மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.