காலியாகக் கிடக்கும் நாலாம் தளம்

ஓஎம்ஆரில் இருபது மாடிக் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கியிருக்கும் வாசகர் எழுதுகிறார்: நாலாம் தளத்தில் அவர் வீடு. பூச்சு முடிந்து ஒரு மாதம் ஆகிறது, டைல்ஸ்காரர்களைக் காணோம். வேலை நின்றுவிட்டதா?

நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. திட்டம் போடுகிறவர்களிடம் ஒரு வரைபடம் உண்டு. அமெரிக்காவின் குட்இயர் நிறுவனத்தில் 1940களில் பிறந்து, அந்நாட்டுக் கடற்படை வளர்த்த 'லைன் ஆஃப் பேலன்ஸ்' முறை. கிடையாக நாட்கள், செங்குத்தாகத் தளங்கள். ஒவ்வொரு குழுவும் மேலேறும் ஒரு சாய்கோடு. இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டால் கொத்தனாரும் டைல்ஸ்காரரும் ஒரே அறையில் முட்டிக்கொள்கிறார்கள்.

என்னை வியக்கவைத்த கணக்கு இது. ஒரு தளம் பூச 5 நாள், டைல்ஸ் ஒட்ட 3 நாள் என்று வையுங்கள். 20 தளமும் பூசிமுடிய 100 நாள். டைல்ஸ் குழு 6-ஆம் நாளே இறங்கினால், தளத்துக்கு இரண்டு நாள் வேலையின்றி உட்கார்ந்து, 103-ஆம் நாள் முடிக்கும். 44-ஆம் நாள் தொடங்கினால் நிற்காமல் ஏறி, அதே 103-ஆம் நாள் முடிக்கும்! 38 நாள் முந்தியும் ஒரு நாள் மிச்சமில்லை. எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளிக்காரர் சோறு போடுகிறவரின் முதுகை ஒட்டி நடந்தாலும் பந்தி சீக்கிரம் எழுந்துவிடாது. அதோடு, சும்மா உட்காரவைத்த குழு வேறு சைட்டுக்குப் போய்விடும். திரும்ப அழைப்பது பெரும்பாடு.

இந்தக் கணக்கில் நாலாம் தளம் 20-ஆம் நாள் பூசப்பட்டு 53-ஆம் நாள்வரை காத்திருக்கும். இருபதாம் தளத்துக்கோ ஒரு நாள்கூடக் கிடையாது. என் கவலை அங்கேதான். பூச்சுக்கு ஒரு வாரம் தண்ணீர் விட வேண்டும், பிறகு காய வேண்டும். குளியலறையில் நீர்க்காப்பு பூசி, தண்ணீர் கட்டி, கீழ்த்தளக் கூரையில் கசிவு இல்லையென்று பார்த்த பிறகே டைல்ஸ். நல்ல திட்டக்காரர் இதற்கெல்லாம் இடம்விட்டு, பின்வரும் கோடுகளை இன்னும் தள்ளிப்போடுவார். ஒப்படைக்கும் தேதி நெருக்கும்போது முதலில் பறிபோவது இந்த இடைவெளிதான். ஐப்பசி மழையில் ஈரச்சுவரிலேயே பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டே ஓதம் ஏறிப் பொருபொருவென்று உதிர்கிறது. பழியெல்லாம் பெயின்டர் தலையில்.

வாங்குகிறவர்களும் "எப்போது சாவி?" என்று மட்டுமே கேட்கிறோம். குளியலறையில் தண்ணீர் கட்டிச் சோதித்த தேதியையும், பூசிய நாளுக்கும் பட்டி பார்த்த நாளுக்கும் உள்ள இடைவெளியையும் கேளுங்கள், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் வேலைத்தரத்தில் குறை தெரிந்தால் வாங்கியவருக்குச் செலவில்லாமல் கட்டுநரே சரிசெய்ய வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம். முறையிடும்போது அந்தத் தேதிகள் கைகொடுக்கும்.