இரண்டு இயர்போன், ஒரே துளை: ஜாக் எப்படிக் கெடுகிறது?

1979இல் சோனி வெளியிட்ட முதல் வாக்மேனில் இயர்போன் மாட்ட இரண்டு துளைகள் (ஜாக்) இருந்தன. பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஒருவர் மட்டும் பாட்டுக் கேட்பது மரியாதையாக இருக்காது என்று அந்நிறுவனத்தின் அகியோ மொரிட்டா நினைத்தாராம். பின்னால் வந்த கருவிகளில் ஒரு துளைதான் மிஞ்சியது. இருவர் சேர்ந்து படம் பார்க்க இப்போது ஒரு துளையை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் வாங்க வேண்டியிருக்கிறது.

அதை மாட்டினால் போன் புகைந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அவ்வளவெல்லாம் இல்லை. சாதாரண ஸ்பிளிட்டருக்குள் இருப்பது வெறும் கம்பிகள்தான். இரண்டு இயர்போன்களும் பக்க இணைப்பில் சேர்கின்றன. 32 ஓம் இயர்போன்கள் இரண்டு என்றால் போனுக்கு 16 ஓம் சுமை. பெரும்பாலான போன்கள் தாங்கும். 16 ஓம் இரண்டு என்றால் 8 ஓம் ஆகிவிடும். அப்போது சத்தத்தை முழுதாக வைத்தால் கரகரக்கலாம், பேட்டரியும் கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். ஒன்று 16 ஓம், மற்றது 300 ஓம் ஸ்டுடியோ ஹெட்போன் என்றால் ஒருவர் காது கிழியும், அடுத்தவருக்குச் சரியாகக் கேட்காது. சண்டை வரலாம், ஜாக் போகாது.

ஜாக்கைக் கெடுப்பது நெம்பல். 3.5 மில்லிமீட்டர் பின்னை உள்ளே பிடித்திருப்பவை சில மெல்லிய உலோக நாக்குகள்தான். அந்த ஜாக் போர்டில் நிற்பதும் பொடிப்பொடியான சால்டர் பற்றுகளை நம்பித்தான். கவட்டை மாதிரி வளையாத பிளாஸ்டிக் ஸ்பிளிட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், போனைப் பைக்குள் செருகும்போதும், பக்கத்தில் இருப்பவர் வயரோடு எழும்போதும் அத்தனை இழுப்பும் அங்கேதான் விழும். நாக்கு தளரும், பற்றில் விரிசல் விடும். ஒரு காதில் மட்டும் கேட்பதும், பின்னைத் திருகினால் மறு காதில் சத்தம் வந்து போவதும் அதன் அறிகுறி. (துளைக்குள் சேர்ந்த பஞ்சும் இதே வேலையைச் செய்யும், கடைக்கு ஓடுமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.)

ஆகவே குட்டையான, வளையும் வயர் வைத்த ஸ்பிளிட்டரே நல்லது. முதலில் இயர்போன்களை அதில் செருகிவிட்டு, பிறகு போனில் மாட்டுங்கள். கழற்றும்போது வயரை இழுக்காமல் பின்னின் கழுத்தைப் பிடித்து நேராக உருவுங்கள்.

மின்சாரத்தால் உண்மையிலேயே வம்பு வருவது ஸ்பிளிட்டரைத் தலைகீழாகப் பயன்படுத்தும்போது. இரண்டு போன்களை ஒரே ஸ்பீக்கருக்கு இணைக்கச் சிலர் இதையே மாட்டுகிறார்கள். ஒரு போனின் ஆம்ப்ளிஃபையர் அனுப்பும் மின்னோட்டம் மற்றதன் ஆம்ப்ளிஃபையருக்குள் பாயும். ஒலி சிதையும், இரண்டுமே சூடேறிப் பழுதாகலாம். அந்த வேலைக்கு மிக்சர் இருக்கிறது.

ஜாக் இல்லாத போனில் டைப்-சி டாங்கிள் மாட்டி, அதில் ஸ்பிளிட்டரைச் செருகினால் மின்சுமை பெரும்பாலும் டாங்கிளோடு நின்றுவிடும். நெம்பல் மட்டும் சார்ஜ் துளைக்கு மாறிவிடும். அது தளர்ந்தால் பாட்டும் கேட்காது, சார்ஜும் ஏறாது.