வேலைக்கு வருகிறவளின் வீடு

பெட்டாலிங் ஜெயாவின் வசதியான வீடுகளிற் பெருக்கித் துடைத்துச் சமைத்துக் கொடுக்கும் தமிழ்ப் பெண்களிற் பலர், தேசா மெந்தாரி, லெம்பா சுபாங் போன்ற மலிவுவிலை அடுக்குமாடிகளிலிருந்து விடியற்காலையிலே புறப்பட்டு வருகிறவர்கள். அவர்களுள் ஒருத்தி ஒருநாள் கன்னம் வீங்கி வந்து நின்று, "படியில வழுக்கி விழுந்துட்டேம்மா" என்று சொல்லும்போது, அதை நம்ப முடியாத வீட்டு அம்மாளுக்கு உண்டாகும் பதற்றம் நியாயமானதே ஆயினும், அந்தப் பதற்றத்தில் அவர் செய்யும் முதற் காரியம் பெரும்பாலும் விபரீதமாகவே முடிகிறது. அவளுடைய கணவனைத் தொலைபேசியில் அழைத்துக் கண்டிக்கிறார். அல்லது கோயில் கமிட்டிப் பெரியவர் ஒருவரைக் கொண்டு பஞ்சாயத்து வைக்கிறார். இரண்டும் பலிக்காதபோது, "அவனை விட்டு வா, இல்லாவிட்டால் எனக்கு இந்தத் தலைவலி வேண்டாம்" என்று கெடு விதிக்கிறார். கண்டித்த வார்த்தை ஒவ்வொன்றும் அன்றிரவே வட்டியோடு அவள் முதுகில் இறங்குகிறது என்பதை அறிந்தவள் அவள் ஒருத்தியே. ஆகவே மறுநாள் அவள் வேலைக்கு வராமற் போவதிலே ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதற்குச் சட்டத்திலே பரிகாரம் இல்லாமலில்லை. அடிபட்ட மனைவியருக்கென்று மலேசியாவில் முதன்முதலாக ஓர் அபய இல்லம் ஏற்பட்டது 1982-ல். அதை ஏற்படுத்திய மகளிர் உதவி இயக்கத்தின் இருப்பிடம் பெட்டாலிங் ஜெயாவே. 1985-ல் மகளிர் அமைப்புகள் பல ஒன்றுகூடித் தொடங்கிய கிளர்ச்சியின் பயனாகக் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-ல் நிறைவேறி, மேலும் இரண்டு வருஷம் கிடப்பில் இருந்து, 1996-ல் அமலுக்கு வந்தது. அது முஸ்லிம், முஸ்லிமல்லாதார் என்ற பேதமின்றி எல்லாருக்கும் பொருந்தும். 2012-லும் 2017-லும் செய்த திருத்தங்களால், உடலில் விழும் அடி மட்டுமன்றி, மனத்தைச் சித்திரவதை செய்வதும், அச்சுறுத்துவதும், அவளுடைய பொருளை அபகரிப்பதுங்கூட வன்முறையென்றே கொள்ளப்படுகின்றன.

நம்மவர்க்கு விசேஷமாகத் தெரிந்திருக்க வேண்டிய அம்சம் வேறொன்று உண்டு. கோயிலிலே தாலி கட்டிக்கொண்டு, பதிவு அலுவலகத்துப் பக்கமே போகாமற் குடித்தனம் நடத்துகிறவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். "பதியாத கல்யாணத்துக்குக் கேஸ் ஏது?" என்று கணவன் ஏளனம் செய்வதும், அதை அவள் நம்பி வாயடைத்துப் போவதும் சகஜம். விவாகரத்து முதலிய விஷயங்களில் பதிவின்மை பெரிய இடையூறுதான், சந்தேகமில்லை. ஆனால் இந்தச் சட்டமோ, அவரவர் சமயமோ வழக்கமோ விவாகமென்று ஏற்கும் சடங்கைச் செய்துகொண்டவர்களை, அது பதிவாகாவிட்டாலும், கணவன் மனைவியாகவே பாவிக்கிறது. சடங்கு ஏதுமின்றிச் சேர்ந்து வாழ்பவளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பது சட்டத்தின் குறையே. அவளுக்குத் தண்டனைச் சட்டம் ஒன்றுதான் வழி.

உதவ நினைக்கும் அயலாரின் ஸ்தானம் என்ன? "நீங்கள் யார் இதைச் சொல்ல?" என்ற கேள்விக்கு அஞ்சியே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். குடும்ப வன்முறை நடக்கிறது, அல்லது நடந்தது என்று நம்பக் காரணமுள்ள எவரும் போலீசுக்கோ சமூக நல அதிகாரிக்கோ தகவல் தரலாம் என்றும், நல்லெண்ணத்தோடு தந்தவர்மீது மானநஷ்ட வழக்கு முதலிய பாத்தியதை எதுவும் சாராது என்றும் சட்டத்தின் 18-ஆம் பிரிவு தெளிவாகவே கூறுகிறது. ஸ்டேஷனில் மேசைக்கு அப்பால் இருப்பவர், "குடும்பச் சண்டை, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளுங்கள்" என்று சொல்வாராயின், பணிவோடு அந்தப் பிரிவை நினைவூட்டி, ரிப்போர்ட் எழுதி அதன் பிரதியைப் பெற்றுக்கொண்டே வெளியேற வேண்டும். புகார் செய்யவும், வைத்தியம் பெறவும், பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேரவும் அவளுக்குத் துணைநிற்பது அந்த உத்தியோகஸ்தர்களின் கடமையாகச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

உயிருக்கு ஆபத்தென்றால் 999. ஆலோசனைக்கும் சமூக நல இலாகாவின் உதவிக்கும் 15999, இரவும் பகலும். காயம் பட்டிருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, எப்படிப் பட்டது என்பதை மறைக்காமற் சொல்லச் செய்ய வேண்டும்; பின்னால் சாட்சியாக நிற்கப்போவது வைத்தியரின் குறிப்பே. போலீஸ் ரிப்போர்ட் இல்லாமலே, சமூக நல அதிகாரி ஏழு நாளைக்குச் செல்லும் அவசரக் காப்பாணை ஒன்றை வழங்கும் முறை 2018 முதல் அமலில் உள்ளது. அதற்கு மேல் போலீஸ் விசாரணை நடக்குங்காலத்துக்கு இடைக்காலக் காப்பாணையும், வழக்கு நடக்குங்காலத்துக்குக் காப்பாணையும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலே கிடைக்கும். வீடு கணவன் பெயரிலேயே இருந்தாலும், அவனை வெளியேற்றி அவளையும் குழந்தைகளையும் அதிலே இருக்கவிடும்படி உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வெளியேற வேண்டியவள் எப்போதும் அவள்தான் என்று நம்மில் மிகப் படித்தவர்களும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்!

இடர் எங்கே இருக்கிறதென்றால், நீதிமன்றம் தரும் இந்த ஆணைகளின் ஆயுள் போலீஸ் விசாரணையோடும் வழக்கோடும் பிணைந்திருப்பதிலே இருக்கிறது. இந்தியாவில் 2005-ல் இயற்றிய சட்டத்தின்படி, குற்ற வழக்கு இல்லாமலே ஒரு ஸ்திரீ நேரே நீதிமன்றத்தை அணுகிப் பாதுகாப்புக் கோரலாம். இங்கேயோ, மாமியாரின் அழுகைக்கு இரங்கி அவள் புகாரைத் திரும்பப் பெற்று, போலீசார் விசாரணையை மூடிவிட்டால், காப்பாணைக்கு ஆதாரமே போய்விடும். உதவுகிறவர் அதை முதல்நாளே அவளுக்கு விளக்கிவிடுவது நல்லது. விளக்கியும் அவள் திரும்பப் பெற்றால், அதைத் துரோகமாக எண்ணிக் கதவைச் சாத்தலாகாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வாடகை, சொந்தக்காரர் ஏச்சு, தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் இல்லாமை ஆகிய இத்தனையையும் எடைபோட்டுத்தான் அவள் போகிறாள். பிரிந்து வரும் சமயமே அபாயம் மிகுந்த சமயம் என்பதும் அவளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

வீட்டு அம்மாளின் கையில் உள்ளவை சில உண்டு. அவற்றைப் பற்றிப் பேச நமக்குச் சற்றுக் கூச்சம். குறைந்தபட்ச சம்பள உத்தரவு வீட்டுப் பணியாளருக்குப் பொருந்தாது. 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டத்தின் வாராந்தர ஓய்வு, விடுமுறை முதலிய விதிகளிற் பலவும் அவளைச் சேரா. 2023 முதல் சட்டத்தில் அவள் பெயர் "வீட்டு ஊழியர்" என்று கௌரவமாக மாறிற்றே தவிர, அந்த விலக்குகள் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. ஆகவே நீதிமன்றத்துக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் பிடிக்காதிருப்பதும், கூலியைக் கணவன் கைக்கெட்டாத அவளுடைய சொந்தக் கணக்கிலே செலுத்துவதும், 2021 ஜூன் முதல் கட்டாயமாகிவிட்ட சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திலே அவளைப் பதிவு செய்வதும் யஜமானியின் மனச்சாட்சியைப் பொறுத்தவை என்றே நடைமுறையில் ஆகிவிட்டன. சொக்சோ ஒன்றாவது சட்டக் கடமை என்பதைப் பலர் அறியார். அபய இல்லத்தைப் பற்றி உபதேசிக்கும் அதே வாய், மாதக் கூலியைச் சொல்லும்போது மட்டும் தணிந்துபோவதை நான் பல வீடுகளிற் கவனித்திருக்கிறேன்.

வேலை செய்யும் வீட்டிலேயே தங்கி, அங்கேயே அடிபடும் அயல்நாட்டுப் பெண்ணின் நிலை வேறு. யஜமானன் அவளுக்குக் குடும்பத்தானல்லன். ஆதலால் குடும்ப வன்முறைச் சட்டம் அங்கே உதவாது. தண்டனைச் சட்டமும், 2007-ஆம் வருஷத்து ஆள்கடத்தல் தடுப்புச் சட்டமுமே அவளுக்கு அரண். 2018 பெப்ரவரியில் பினாங்கிலே, வீட்டுத் தாழ்வாரத்தில் நாயோடு படுக்கவைக்கப்பட்டிருந்த இந்தோனேசியப் பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தார் சொல்லியே வெளியார் உள்ளே வந்தனர். ஆயினும் அதற்குள் காலம் கடந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் அவள் இறந்தாள். கொலைக்குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானதை 2022-ல் கூட்டரசு நீதிமன்றமும் உறுதிசெய்தது. இத்தகையோரின் புகார்களை, ஐரீன் பெர்னாண்டஸ் அம்மையார் 1991-ல் நிறுவிய தெனாகானித்தா அமைப்பு இன்றும் ஏற்று நடத்துகிறது.

கணவன் வீட்டை விட்டு வெளியேறத் துணிந்த பெண்ணுக்கு, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், ரிப்போர்ட் பிரதி, வைத்தியக் குறிப்பு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகலை வேலை செய்யும் வீட்டில் ஓர் உறையிலிட்டு வைத்துக் கொடுப்பது எவராலும் ஆகக்கூடிய உபகாரம். விட்டுவந்த துணிமணிகளையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் எடுக்கப் போகும்போது, நம் காரிலே அவளை ஏற்றிக்கொண்டு தனியே போய் அடுக்குமாடி வாசலில் நிற்க வேண்டாம். உடன் வந்து நிற்கும்படி போலீசாரைக் கேட்கச் சட்டம் இடங்கொடுத்திருக்கிறது, கேட்டுப் பெறலாம்.